கண்ணாடி போடாத படம்

காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் வளவில், முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், புதுமாதிரிப் படங்களின் கண்காட்சி நடந்துகொண்டிருக்கிறது. பங்குனி முதல் வாரம்வரை இருக்கும் என்கிறார்கள். பார்க்கப் போக நினைப்பவர்களுக்கு ரயில் நேரமும் வண்டிக் கூலியும் உதவுமே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு சிலவும் சேர்ந்துகொண்டன. நேரமும் கட்டணமும் மட்டும் வேண்டியவர்கள் கடைசிப் பத்திகளுக்குப் போய்விடலாம். தவறாக நினைக்க மாட்டேன்.

நான் போனது எழுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், சிவராத்திரி கழிந்த அடுத்த வாரம், இரண்டாம் சனிக்கிழமை. போயிருக்க வேண்டியது அதற்கு முந்தைய வியாழக்கிழமை.

திங்கட்கிழமை எனக்கு ஒரு கார்டு வந்தது. "மீனா, புதன்கிழமை திறக்கிறோம். பாக்கியத்தை வரைந்திருக்கிறேன். முகம் வந்துவிட்டது. அம்மாவை அழைத்துக்கொண்டு வா. தெய்வானை." இவ்வளவுதான் எழுதியிருந்தது.

பாக்கியம் என் அக்கா. பதினோரு வருஷத்துக்கு முன்பு, பதினான்கு வயதில், விஷக்காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டாள். எனக்கு அப்போது பத்து வயது. தெய்வானை, கல்லல் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை அக்காவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். தச்சு ஆசாரி ஒருவரின் மகள். உதவிச் சம்பளம் வாங்கி மெட்ராஸ் போய் ஓவியம் படித்தாள். எட்டாம் வகுப்பு முடிந்ததும் அக்காவை நிறுத்திவிட்டார்கள். பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்பது காரணம். அவள் இறந்த பிறகு அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, என்னை யார் சொல்லியும் நிறுத்தவில்லை. எங்கள் வீட்டில் பி.ஏ. முடித்த முதல் ஆள் நான். சிவகங்கையில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கிறேன்.

அக்காவின் போட்டோ எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. சின்னப் பிள்ளைகளைப் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அப்பாவின் நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்த அன்று அவளைக் கடலைக் காட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். எனக்கு அக்காவின் குரல் நினைவிருக்கிறது. முதுகு ரொம்ப நன்றாக நினைவிருக்கிறது. வரப்பில் எப்போதும் எனக்கு முன்னால் நடந்தவள் அவள். முகம்தான் இல்லை. அம்மாவுக்கும் அது நழுவிக்கொண்டு வருகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு தெரிந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் திடீரென்று, பாக்கியத்துக்கு மச்சம் எந்தக் கன்னத்தில் என்று கேட்டாள். நான் வலது என்றேன். அம்மா இடது என்றாள். சொன்ன பிறகு இரண்டு பேருக்குமே சந்தேகம் வந்துவிட்டது. அப்பாவிடம் கேட்கலாம் என்று இருவருமே சொல்லவில்லை. அப்பாவிடம் அக்காவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் அவள் வீட்டில் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கம் கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் இறந்துபோனால் அவள் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். ஓர் ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடையும் சட்டைத்துணியும் வளையலும் வைத்து நடுவீட்டில் உத்திரத்திலிருந்து கட்டித் தொங்கவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, எங்கள் வீட்டில் சிவராத்திரி அன்று, பெட்டியை இறக்கிப் புதுத்துணி மாற்றுவார்கள். எடுத்த பழைய துணியை அந்த வீட்டுப் பெண்பிள்ளை உடுத்தவேண்டும். அக்காவின் பாவாடைகளை நான் கல்லூரி இரண்டாம் வருஷம் வரை உடுத்தியிருக்கிறேன்.

ஆக, அந்தக் கார்டு எனக்கு எப்படிப்பட்ட கார்டு என்று புரியும். வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக்கொண்டு சூப்பரண்டு மேஜை அருகே இரண்டு தடவை போய் நின்றேன். முதல் தடவை அவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை சும்மாதான் இருந்தார், என்ன என்பது போல நிமிர்ந்து பார்த்தார். காரணம் கேட்டால் படம் பார்க்க என்று சொல்லவேண்டும். எந்தக் கொட்டகையில் என்று கேட்பார், பக்கத்து மேஜைகள் சிரிக்கும். இறந்த அக்கா என்று தொடங்கினால் அங்கேயே அழுதுவிடுவேன். தேதி முத்திரை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். சனிக்கிழமை எப்படியும் விடுமுறைதானே, படம் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். புறப்படும் ரயிலைச் சொல்லிக் கல்லலில் இருக்கும் வீட்டுக்குக் கார்டு போட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்குச் சிவகங்கையில் பாசஞ்சர். மூன்றாம் வகுப்பு, காரைக்குடிக்கு ஒரு ரூபாய் பத்துப் பைசா, நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், அன்று காற்று அந்தப் பக்கமாக அடித்து என் புடவை முழுவதும் கரித்தூள். பனங்குடி தாண்டிக் கல்லலில் ஏழு ஐம்பத்தைந்துக்கு நின்றது. அம்மா பிளாட்பாரத்தின் கோடியில் நின்றிருந்தாள். கையில் தூக்குவாளி, கட்டியிருந்தது கல்யாணத்துக்குக் கட்டும் அரக்குப் புடவை. அப்பா வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு ரோட்டிலேயே நின்றுவிட்டாராம். வரவில்லையா என்று கேட்டதற்கு, "ஒங்கப்பாவா? மாட்டுக்குத் தண்ணி வைக்கணுமாம். காலையிலேருந்து நாலு தடவ வச்சாச்சு" என்றாள் அம்மா.

தேவகோட்டை ரோடு ஸ்டேஷன் வரை தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பெருசா வரைஞ்சிருப்பாளா, சின்னதாவா?"

"தெரியலம்மா."

"பெருசா இருந்தா நல்லது. எனக்குக் கண்ணு முன்னமாதிரி இல்ல."

காரைக்குடியில் எட்டரைக்கு இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து அந்த வீடு இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டவுன் பஸ் உண்டு, பதினைந்து பைசா, ஆனால் தெருமுனையில் இறங்கி நடக்கவேண்டும். அம்மாவின் முழங்காலை நினைத்து ஜட்கா பேசினேன். ஒரு ரூபாய் கேட்டார், முக்கால் ரூபாய்க்கு வந்தார். படக் கண்காட்சி நடக்கும் வீடு என்றேன், அவருக்குப் புரியவில்லை. வீட்டுச் சொந்தக்கார ஆச்சியின் பெயரைச் சொன்னேன்.

"அட, கன்னிப் படம் வச்சிருக்க வீடா? அப்படிச் சொல்ல வேண்டியதுதானே. நேத்துலேருந்து அங்குட்டுத்தான் ஓடிக்கிட்டிருக்கு வண்டி. எளுவங்கோட்டையிலேருந்தெல்லாம் பொம்பளைக வாராக. என்னமோ கும்புட்டா கல்யாணம் கூடி வருதாம்ல. ஒங்களுக்குத்தானா ஆத்தா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். வண்டிக்காரர் குதிரையோடு பேசிக்கொண்டு வந்தார்.

கண்காட்சி பத்து மணிக்குத்தான் திறக்கும். ஒன்பதுக்கே போய்விட்டோம். எதிர்த்த கடையில் ஆளுக்கு ஒரு காப்பி, முப்பது பைசா, சுமார் ரகம். வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியேறும் நீளம். ஆச்சியின் தம்பி மகன் மெட்ராஸில் ஓவியம் படித்தவர். அவரும் தெய்வானையும் இன்னும் இரண்டு பேருமாகச் சேர்ந்து இதை நடத்துகிறார்கள். மெட்ராஸில்தான் படம் வைக்கவேண்டுமா, நம் ஊர்க்காரர்கள் பார்க்கக் கூடாதா என்று கேட்டு ஆச்சியிடம் வளவைப் பதினைந்து நாளைக்கு வாங்கியிருக்கிறார். நுழைவுக் கட்டணம் கிடையாது. செருப்பை வாசலிலேயே விடவேண்டும்.

முகப்பில் ஆச்சியின் தம்பி மகனுடைய படங்கள். பூட்டிய கதவுகள், கதவுக்குள் கதவு, கடைசிக் கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு. பர்மாவிலிருந்து வராத கடிதத்துக்குக் காத்திருக்கும் பெரியவர் ஒருவர், கழுத்து மட்டும் கொக்குப் போல நீண்டு வாசலைத் தாண்டிப் போகிறது. எங்களுக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "கழுத்து இம்புட்டு நீளுற வரைக்கும் வைத்தியம் பாக்காம இருந்திருக்காக பாரு" என்று கூட வந்தவரிடம் சொன்னார். கூட வந்தவர் சிரிக்கவில்லை. எங்கள் சித்தப்பா அப்படித்தான் இருந்தார் என்றார். இன்னொருவருடைய படங்கள் வெறும் கைகள், சூளையில் கல் சுமக்கும் கைகள். நின்று பார்க்க வேண்டியவை. நாங்கள் நிற்கவில்லை.

வளவின் மேற்குப் பத்தியில், தூண் வரிசைத் தாழ்வாரத்தில், தெய்வானையின் பதினோரு படங்கள். ஒவ்வொன்றும் நாலடி உயரம், மூன்றடி அகலம். "எட்டாம் வகுப்பு, பெண்கள் பெஞ்சு" என்று ஒரு அட்டையில் எழுதியிருந்தது. அவளோடு படித்த பத்துப் பெண்களும் தங்கள் படிப்பை நிறுத்திய பொருளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் தொட்டில், ஒருத்தி தலையில் செங்கல் பலகை, ஒருத்திக்குத் தம்பியின் புத்தகப்பை. பதினொன்றாவது படம் படிப்பு நிற்காத தெய்வானையேதான், கையில் அவள் அப்பாவின் இழைப்புளி. எல்லோரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள்.

நாலாவது படத்துக்குக் கீழே தரையில் பூ. இரண்டு குத்துவிளக்கு. படத்தைச் சுற்றித் தாம்புக்கயிறு கட்டி, ஆறேழு பெண்கள் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா கயிறு வரை போய் நின்றாள். நான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். மேலே உத்திரத்தில் ஓலைப்பெட்டி தொங்கியது. பின்னல் பின்னலாக அப்படியே எங்கள் வீட்டுப் பெட்டி. கீழே பெஞ்சு. பச்சைப் பாவாடை. வலது தோளில் முன்னால் விழுந்த பின்னல், அதற்குப் பின்னால் ஒரு காது. பெஞ்சைப் பிடித்திருக்கும் கை. முகம் இருக்கவேண்டிய இடத்தில், மழையில் கரைந்த செம்மண் சுவர் மாதிரி, சிவப்பும் பழுப்புமாக ஒரு இழுப்பு. நெற்றியிலிருந்து தாடை வரை ஒன்றுமில்லை.

முதலில் நான் அதுதான் புதுமாதிரிப் படம் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொக்குக் கழுத்து மாதிரி இதுவும் ஒரு விதம், முகம் இல்லாமலே வரைந்திருக்கிறாள் என்று. அப்போது தெய்வானை வந்துவிட்டாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கில் எனக்கு விளங்கிவிட்டது.

அவள் சொன்னதை வரிசையாகச் சொல்கிறேன். ஆறு மாதம் வரைந்தும் அக்காவின் முகம் மட்டும் வரவே இல்லையாம். தீட்டுவதும் சுரண்டுவதுமாக இருந்து கடைசி வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குக் கார்டு எழுதினாள். எண்ணெய் வர்ணம் காய நாள் பிடிக்கும். மற்றதெல்லாம் காய்ந்திருந்தது, முகம் மட்டும் ஈரம். புதன்கிழமை திறந்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு அம்மாள் ஓலைப்பெட்டியைப் பார்த்து, அட்டையில் வயதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இது கன்னியல்லவா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, முந்தானையில் முடிந்திருந்த குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்திருக்கிறார். அவரைப் பார்த்து இன்னொருவர். சாயங்காலத்துக்குள் சந்தனம், பூ, விளக்கு எல்லாம் வந்துவிட்டது.

"தடுத்திருக்கணும் மீனா. தடுக்கல. மெட்ராஸ்ல கையப் பின்னால கட்டிக்கிட்டுப் பாப்பாக, ஒரு வார்த்த சொல்லுவாக, போயிருவாக. இங்க தொட்டுக் கும்புட்டாக. எனக்கு அழுகையா வந்துச்சு, சந்தோசத்துல. நெத்தியில ஒரு பொட்டுதானே, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. இங்கே எல்லா வீடுகளிலும் வெள்ளிக்கிழமை காலையில் சாமி படங்களைத் துடைப்போம். பழைய சந்தனம் குங்குமத்தை ஈரத்துணியால் எடுத்துவிட்டுப் புதிதாக வைப்போம். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் அது என் வேலை. ஆச்சி வீட்டில் சொர்ணம் என்ற அம்மாளின் வேலை. முப்பது வருஷமாக அங்கே இருப்பவர். வளவிலும் முகப்பிலுமாக நாற்பத்தெட்டுச் சாமி படங்கள், எல்லாம் கண்ணாடி போட்டுத் தேக்குச் சட்டம் அடித்தவை. விடிந்ததும் வரிசையாகத் துடைத்துக்கொண்டே வந்தவர், குங்குமம் வைத்திருந்த இந்தப் படத்தையும் துடைத்துவிட்டார்.

தெய்வானை மாடியிலிருந்து இறங்கி வந்தபோது புதுச் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்திருந்தாராம், இல்லாத நெற்றியில்.

வியாழக்கிழமை காலையில் நாங்கள் வந்திருந்தால் பார்த்திருப்போம். இதை யாரும் சொல்லவில்லை. தேதி முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிய என் கைதான் ஞாபகத்துக்கு வந்தது.

தெய்வானை திரும்ப வரைகிறேன் என்றாள். சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள், கண்ணிலிருந்து மூக்கு, மூக்கிலிருந்து வாய் என்று அளப்பது போல. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"வேணாம்மா. அது இவ மொகமாப் போயிரும். அப்புறம் எனக்கு அதுதான் நெனப்புல நிக்கும்."

பிறகு படத்தில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவிரல் நகம் கறுத்திருந்தது. உரலில் நசுங்கிய நகம். "கை அவ கைதான்" என்றாள். கயிற்றருகே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் இதைக் கேட்டுக் குங்குமத் தட்டை நீட்டினார். நீங்களும் வையுங்கள், நினைத்தது நடக்கும் என்றார். யாரென்று தெரியாமல்தான் சொன்னார்.

"வீட்டுல வருசா வருசம் வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னைக்கு அவளப் பாக்க வந்தேன்" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கிழக்குப் பத்திக்குப் போனார்கள்.

ஆச்சி உள்ளேயிருந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி போடாமல் ஒரு படம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும், எனக்கே தெரியாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொர்ணம் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, பின்பக்கம் சமையல் நடக்கும் இரண்டாம் கட்டிலேயே கிடக்கிறாள், முகப்புக்கு வரமாட்டேன் என்கிறாள் என்றார். அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். நான் பயந்தேன். அம்மா கோபக்காரி அல்ல. ஆனால் அவளை அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் கட்டில் அம்மிக்குப் பக்கத்தில் சொர்ணம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்களைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்.

"கண்ணாடி இருக்கும்னு நெனச்சேன் தாயி. ஈரத்துணி வச்சுப் பாத்தேன், செவப்பு போகல. மண்ணெண்ணெய் தொட்டு அழுத்தித் தேச்சேன். துணியில கலரு ஏறினப்பக்கூட அழுக்குதான்னு நெனச்சேன்."

அம்மா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அம்மா கேட்டாள்.

"தொடைக்கிறதுக்கு முன்ன மொகத்தப் பாத்தீகளா?"

"பாக்காம எப்படித் தாயி? ஒரு சாண் தூரம்."

"எப்படி இருந்தா?"

சொர்ணம் என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற தெய்வானையைப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார்.

"எண்ணெய் வச்சு வழிச்சுச் சீவியிருந்துச்சு. சின்ன நெத்தி. புருவம் ரெண்டும் ஒட்ட வந்துட்டு ஒட்டாம நிக்கும். கீழ் ஒதட்டக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"கோவமாவா?"

"இல்ல தாயி. சிரிப்ப அடக்குற மாதிரி. வாத்தியாரு பாத்துருவாகன்னு பிள்ளைக அடக்கும்ல, அப்படி."

அம்மா தலையை ஆட்டினாள். "ஆமா. அப்படித்தான் அடக்குவா" என்றாள். அப்புறம், "மச்சம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. குங்குமந்தான் தெறிச்சிருக்குன்னு நெனச்சு அதைத்தான் தாயி மொதல்ல தேச்சேன்."

"எந்தக் கன்னம்?"

சொர்ணம் எழுந்து என்னிடம் வந்தார். விரல் நுனியால் என் இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே தொட்டார். "இங்குட்டு."

அம்மா, "இன்னொருக்கச் சொல்லுங்க, நெத்தியிலேருந்து" என்றாள். சொர்ணம் இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவை அவர் சொல்லும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றை இலையில் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். மூன்று பேருமாகச் சாப்பிட்டோம். தெய்வானை தூணருகே நின்றுகொண்டே இருந்தாள், கூப்பிட்டும் வரவில்லை. ஒரு துண்டுப் பென்சிலும் காகிதமும் அவள் கையில் இருந்தன. சொர்ணம் சொல்லும்போது எடுத்தாள் என்று நினைக்கிறேன். காகிதத்தில் ஒன்றும் வரையவில்லை.

நாலு இருபதுக்குக் காரைக்குடியில் பாசஞ்சர். ஸ்டேஷனுக்குப் போகும்போது அதே ஜட்கா. வேண்டுதல் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டு, திரும்பும் சவாரிக்கு அறுபது பைசா மட்டும் வாங்கிக்கொண்டார். ரயிலில் அம்மா என் பக்கம் திரும்பி ஒருமுறை இடது கன்னத்தைப் பார்த்தாள். "நான் சொன்னேன்ல" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

கல்லலில் நாலு ஐம்பத்தைந்துக்கு நின்றது. காலையில் ரோட்டிலேயே நின்ற அப்பா இப்போது பிளாட்பாரத்தில், எங்கள் பெட்டி நிற்கும் இடத்திலேயே இருந்தார். அம்மா இறங்கினாள். இரண்டு நிமிஷம்தான் நிற்கும். நான் ஜன்னலில் இருந்தேன். அப்பா தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, அதைப் பார்த்தபடி கேட்டார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்தா?"

"ஒதட்டக் கடிச்சுக்கிட்டு இருந்தா. சிரிப்ப அடக்குவாள்ல, அப்படி."

அப்பா வாளியின் மூடியைத் திறந்து மூடினார். இன்ஜின் ஊதிவிட்டது.

"மச்சம் போட்டிருந்தாளா ஆசாரி மக?"

"போட்டிருந்தா. எடது கன்னத்துல."

"எடதுதான்" என்றார் அப்பா. பதினோரு வருஷமாக அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர் போல, யோசிக்காமல் சொன்னார்.

ரயில் நகர்ந்துவிட்டது. அம்மா பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. சிவகங்கையிலிருந்து காலைப் பாசஞ்சரே நல்லது; பஸ்ஸில் போனால் இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகும், நேரமும் கூட. மதுரையிலிருந்து வருபவர்கள் திருப்பத்தூர் வழி பஸ்ஸில் வரலாம், மூன்று மணி நேரம். ஜட்காவுக்கு முக்கால் ரூபாய்க்கு மேல் கொடுக்கவேண்டாம். எனக்கும் அம்மாவுக்குமாக மொத்தம் ஐந்தரை ரூபாய்க்குள் முடிந்தது. கண்காட்சி பத்து முதல் ஐந்து வரை, மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை பூட்டிவிடுவார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நாலாவது படத்தை எடுக்கவில்லை, அப்படியே மாட்டியிருக்கிறார்கள். தெய்வானை எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். படங்களுக்குக் கண்ணாடி கிடையாது என்று இப்போது வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொர்ணம் வாசலில் உட்கார்ந்து வாயால் சொல்கிறாராம்.

மற்றப் பத்துப் பெண்களை நான் அன்று சரியாகப் பார்க்கவில்லை. அவர்களில் சிலர் இன்னும் கல்லலைச் சுற்றித்தான் இருக்கிறார்கள், எனக்கு அக்கா முறை. அதனால் திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும், வருகிற வியாழனுக்கு லீவு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "படம் பார்க்க" என்று எழுதி நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சூப்பரண்டு படித்தார். கையெழுத்துப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை.